மறதி நோயுள்ள பெற்றோருக்கு இல்லம் தேடுகிறீர்களா? பார்க்க வேண்டியவை, கேட்க வேண்டியவை

 

சென்ற ஆண்டு நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரி அறக்கட்டளை அலுவலகத்திற்கு வந்தார். கணவர் குவைத்தில் வேலை செய்கிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகளும் 76 வயது மாமியாரும். மாமியாருக்கு மூன்று ஆண்டுகளாக டிமென்ஷியா எனப்படும் மறதி நோய். இரவு 2 மணிக்கு எழுந்து, "என் வீட்டுக்குப் போகணும், கதவைத் திற" என்று தட்டுவாராம். அவர் வாழ்க்கைப்பட்டு வந்து 50 ஆண்டுக்கு மேல் இருந்த வீடே அதுதான். ஒருநாள் விடியற்காலையில் தெருமுனை வரை போய்விட்டார். பால்காரர் அடையாளம் கண்டு அழைத்து வந்தார். இன்னொரு நாள் கேஸ் அடுப்பைப் பற்றவைக்காமல் திறந்து வைத்துவிட்டார். "மாமி மேல எனக்கு வெறுப்பு இல்லை. ஆனா தூங்கி மாசக்கணக்காச்சு. இனி என்னால முடியலை" என்று அந்தச் சகோதரி அழுதார்.

நாங்கள் ஓர் இல்லத்தைச் சொன்னோம். நம்மவர்கள் நடத்தும் இல்லம். ஹலால் உணவு, தொழுவதற்குத் தனி அறை, சுத்தமான தரை எல்லாம் இருந்தன. ஒருநாள் முற்பகலில் போய், அலுவலக அறையில் அரை மணி நேரம் பேசி, தேநீர் குடித்துவிட்டு, "நல்ல இடம்" என்று வந்து சொன்னோம். முன்பணத்தில் ஒரு பகுதியையும் பைத்துல்மாலிலிருந்து கொடுத்தோம்.

ஏழு வாரம் கழித்து மகன் விடுமுறையில் வந்து பார்த்தார். உம்மா பகல் முழுக்கத் தூங்கிக்கொண்டே இருந்தார். உடல் பாதியாகி இருந்தது. திருப்பிப் பார்த்தால் இடுப்பில் படுக்கைப் புண். விசாரித்தபோதுதான் தெரிந்தது: 34 பேருக்கு இரவில் ஒரே ஓர் ஆயா. எழுந்து நடமாடாமல் இருக்கத் தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதில் எங்கள் பங்கும் உண்டு. தொழும் அறையைப் பார்த்த நாங்கள், இரவில் யார் விழித்திருப்பார்கள் என்று கேட்கவில்லை. அதன் பிறகு நம் நலக்குழுவினர் டாக்டர்கள், நர்ஸ்கள், இந்த நிலையைக் கடந்து வந்த குடும்பத்தினர் ஆகியோரிடம் பேசினார்கள்; பல இல்லங்களை நேரில் பார்த்தார்கள். அதில் கற்றுக்கொண்டதை இங்கே தருகிறோம். இன்று உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் எடுத்து வையுங்கள். நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நம் தெருவிலும் இருக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை.

முதலில் டாக்டர், பிறகு இல்லம்

"வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு, கீழே விழுந்ததால் தலைக்குள் ஏற்பட்ட இரத்தக்கசிவு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். நேற்றுவரை ஓரளவு நன்றாக இருந்தவர் இரண்டே நாளில் தலைகீழாக மாறினால், சிறுநீர்த் தொற்றாகவோ உடலில் நீர் வற்றியதாகவோ இருக்கலாம். அதற்கு உடனே சிகிச்சை வேண்டும்.

முதியோர் மருத்துவர், நரம்பியல் மருத்துவர் அல்லது மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னை கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை அரசு மருத்துவமனைதான். மறதி நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்வோருக்கும் வழிகாட்ட ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற சங்கம் 1992 முதல் இயங்கி வருகிறது. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் டெம்கேர்ஸ் என்ற பெயரில் இதற்கெனத் தனிச் சேவை நடத்துகிறது. முதியோர் உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் கட்டணமில்லாதவை. இரண்டாவது எண் உங்களுக்காகவும்தான். பார்த்துக்கொள்பவரின் மனமும் உடைந்துபோகும் நோய் இது.

இல்லத்தில் சேர்ப்பது கைவிடுவதா?

எங்களிடம் வரும் ஒவ்வொருவரும் முதலில் தலையைக் குனிந்துகொண்டு கேட்பது இதைத்தான். பெற்றோரைப் பேணுவது நம் மீதுள்ள கடமை. அதில் இரண்டு கருத்து இல்லை. வீட்டிலேயே வைத்துப் பார்க்க முடிந்தால், உதவிக்கு ஒரு பெண்ணை அமர்த்தியோ, அண்ணன் தம்பிகள் முறை வைத்தோ, அதைச் செய்யுங்கள். ஆனால் ஒரே மருமகள் தூக்கமின்றி நோயாளியாகி, பெரியவர் அடிக்கடி விழுந்து, வீட்டில் எல்லோரும் எரிந்துவிழும் நிலை வந்துவிட்டால், தகுந்த கைகளில் ஒப்படைப்பதும் பேணுவதில் சேரும்.

ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் கைவிடுவது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, பார்த்துக்கொள்ளும் பொறுப்புள்ளவர் மூத்த குடிமக்களைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அல்லாஹ்விடம் சொல்ல வேண்டிய பதில் அதைவிடப் பெரியது.

எந்த வகை இல்லம் தேவை?

நம் ஊரில் "நர்சிங் ஹோம்" என்றால் பிரசவமும் ஆபரேஷனும் பார்க்கும் சிறிய ஆஸ்பத்திரி. நாம் தேடுவது அதுவல்ல. சாதாரண முதியோர் இல்லமும் பல நேரம் பொருந்தாது. தானே குளித்து, தானே சாப்பிட்டு, கூப்பிட்டால் வருபவருக்கானது அது. மறதி நோய் நடுக்கட்டத்தைத் தாண்டியவருக்குக் குளிப்பாட்ட, ஊட்ட, கழிவறைக்கு அழைத்துப் போக, வாசலைத் தாண்டாமல் பார்க்க ஆள் வேண்டும். எனவே போனில் பேசும்போதே, "மறதி நோயாளிகளைச் சேர்த்துக்கொள்வீர்களா? இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? நோய் முற்றினாலும் வைத்திருப்பீர்களா, அனுப்பிவிடுவீர்களா?" என்று கேளுங்கள். நோயை மறைத்துச் சேர்க்காதீர்கள். பத்து நாளில் "கூட்டிட்டுப் போங்க" என்று போன் வரும், அலைக்கழிப்பு பெரியவருக்குத்தான்.

எப்போது போய்ப் பார்ப்பது?

ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாவது முறை சொல்லாமல், மாலை 5 மணியிலிருந்து மஃரிப் வரை இருக்கும்படி போங்கள். இந்த நோயுள்ள பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் பதற்றம் கூடும். அழுவார்கள், கத்துவார்கள், "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். அந்த நேரத்தில் ஊழியர் என்ன செய்கிறார்? கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறாரா? அதட்டி உட்கார வைக்கிறாரா? டி.வி.யைப் போட்டுவிட்டு போனைப் பார்க்கிறாரா? காலையில் அலுவலக அறையில் சொல்லும் எந்தப் பேச்சும் இதற்கு ஈடாகாது.

சாப்பாட்டு நேரத்திலும் ஒருமுறை பாருங்கள். தட்டை வைத்துவிட்டுப் போய், அரை மணி கழித்து அப்படியே எடுத்துக்கொண்டு போகிறார்களா? உட்கார வைத்து ஊட்டுகிறார்களா, படுத்தபடியே வாயில் ஊற்றுகிறார்களா? படுத்தபடி ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரக்கூடும்.

மூக்கையும் பயன்படுத்துங்கள். ஏதோ ஓர் அறையில் சிறுநீர் வாடை வருவது இயல்பு. கட்டடம் முழுக்க வந்தால் ஆள் போதவில்லை என்று பொருள். டெட்டால் வாடை மூக்கைத் துளைத்தாலும் ஏன் என்று யோசியுங்கள்.

அங்கிருக்கும் பெரியவர்களைப் பாருங்கள். நகம் வெட்டியிருக்கிறதா? உதடு வறண்டிருக்கிறதா? அவரவர் உடையில் இருக்கிறார்களா, எல்லோரும் ஒரே நைட்டியிலா? பகலில் பாதிப்பேருக்கு மேல் தூங்கி வழிந்தால், அது இல்லத்தின் அமைதி அல்ல, மாத்திரையாக இருக்கலாம்.

கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்? அவர்கள் விழித்திருப்பார்களா, அங்கேயே படுத்துத் தூங்குவார்களா? நர்ஸ் இரவிலும் உண்டா? "எப்பவும் ஆள் இருப்பாங்க" என்பது பதில் ஆகாது. எண்ணிக்கையாகக் கேளுங்கள்.

2. ஊழியர்கள் எவ்வளவு காலமாக இருக்கிறார்கள்? நிர்வாகியிடம் அல்ல, ஆயாவிடமே கேளுங்கள். இரண்டு மூன்று வருடமாக இருப்பவர்கள் இருந்தால் நல்ல அறிகுறி. மாதாமாதம் முகம் மாறினால், முகங்களை ஏற்கெனவே தொலைத்துக்கொண்டிருப்பவர் இன்னும் தடுமாறுவார்.

3. தூக்க மாத்திரை, மனநோய் மாத்திரை யார் சொல்லித் தருகிறீர்கள்? டாக்டர் எழுதி, குடும்பத்தாருக்குத் தெரிவித்து, எவ்வளவு நாளைக்கு என்று குறித்துத்தான் தர வேண்டும். மனநோய்க்கான மாத்திரைகளை மறதி நோயுள்ள முதியவர்களுக்குத் தரும்போது மரண ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005லேயே எச்சரித்தது. சில நேரம் அவை தேவைப்படலாம். ஆள் பற்றாக்குறைக்கு அவை மருந்தல்ல.

4. கட்டிப்போடுவது உண்டா? "பாதுகாப்புக்காகக் கொஞ்ச நேரம்" என்றால் எப்போது, எவ்வளவு நேரம், யார் அனுமதியோடு என்று கேளுங்கள். நடமாட விரும்புபவருக்கு வேலி போட்ட முற்றமோ, சுற்றி வர நடைபாதையோ இருக்கிறதா?

5. படுத்த படுக்கையானால் எப்படிப் பார்ப்பீர்கள்? தானாகப் புரள முடியாதவரை வழக்கமாக 2 மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பார்கள். அந்தக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

6. மாதாமாதம் எடை பார்க்கிறீர்களா? இந்த நோயில் பசி சொல்லத் தெரியாது. எடைதான் சொல்லும்.

7. கழிவறைக்கு நேரம் வைத்து அழைத்துப் போவீர்களா, எல்லோருக்கும் டயப்பர்தானா? ஒருநாளைக்கு எத்தனை முறை மாற்றுவீர்கள்?

8. விழுந்தாலோ காய்ச்சல் வந்தாலோ எந்த ஆஸ்பத்திரி? யார் கூடப் போவார்கள்? எங்களுக்கு எவ்வளவு நேரத்தில் சொல்வீர்கள்?

இவற்றைக் கேட்கும்போது முகம் சுளிக்கும் இல்லம் வேண்டாம். நாங்கள் பார்த்ததில் நல்ல இல்லத்தார் பதில் சொல்லிவிட்டு, நம்மைத் திருப்பிக் கேட்டார்கள்: "உங்க உம்மாவுக்கு என்ன பிடிக்கும்? எதைக் கண்டா பயப்படுவாங்க? அவங்களை வீட்டில என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

நம் மார்க்கம் தொடர்பானவை

இவற்றையும் கேளுங்கள். ஆனால் மேலே சொன்ன எட்டுக்கும் பிறகு கேளுங்கள்.

பெண்களைக் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் பெண்களே இருப்பார்களா? இரவிலுமா? இது நம் பெண்களின் மானம் தொடர்பானது. அறிவு மங்கினாலும் வெட்கம் மங்குவதில்லை. ஆண் ஊழியர் கை வைத்தால் சிலர் அலறுவதற்குக் காரணம் நோய் மட்டுமல்ல.

உணவு ஹலாலா? இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று தெளிவாகச் சொல்ல முடியாவிட்டால் மரக்கறி, மீன், முட்டை என்று எழுதிக் கொடுங்கள்.

அறிவு நீங்கியவர் மீது தொழுகையும் நோன்பும் கடமை இல்லை. ஒரு நிலையில் அறிவு இருந்து இன்னொரு நிலையில் இல்லாதவர் குறித்து நம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கடமை நீங்கினாலும் பழக்கம் நிற்பதில்லை. பேரன் பெயர் மறந்தவர் பாங்கு கேட்டதும் தலையில் முந்தானையை இழுத்துவிடுவார். தஸ்பீஹ் மணியை உருட்டுவார். அதைத் தடுக்காமல், கிண்டல் செய்யாமல், ஒரு தொழுகை விரிப்பும் தஸ்பீஹும் கைக்கெட்ட வைத்தால் போதும். ரமழானில் எல்லோரும் நோன்பு என்று அவரும் சாப்பிட மறுக்கலாம். சர்க்கரை மாத்திரை போடுபவராக இருந்தால் இது ஆபத்து. முன்கூட்டியே ஊழியரிடம் சொல்லி வையுங்கள்.

மௌத் ஏற்பட்டால் யாருக்கு முதலில் போன் செய்ய வேண்டும், குடும்பத்தார் வரும்வரை ஜனாஸாவை எங்கும் கொண்டுபோகக் கூடாது, குளிப்பாட்டுவதும் கஃபனிடுவதும் நம் பொறுப்பு என்பதைச் சேர்க்கும் நாளிலேயே எழுதிக் கொடுங்கள். சொல்லக் கசப்பாக இருந்தாலும் அந்த நேரத்தில் நிம்மதி தரும்.

பணமும் காகிதமும்

மாதக் கட்டணம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். டயப்பர், மருந்து, டாக்டர் கட்டணம், ஆம்புலன்ஸ், தனி ஆள் ஆகியவை சேர்த்தியா, தனியா? ஆண்டுக்கு எவ்வளவு உயரும்? முன்பணம் எப்போது, எவ்வளவு திரும்பும்? எல்லாம் எழுத்தில் வேண்டும். பணம் கட்டினால் ரசீது வேண்டும். இல்லத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்; சந்தேகம் இருந்தால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மருத்துவக் காப்பீட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் அது உதவும். இல்லத்தில் தங்கும் கட்டணத்திற்குப் பெரும்பாலும் உதவாது. நோய் 8, 10 ஆண்டு நீடிக்கலாம். நகையை அடகு வைத்து ஆறு மாதம் கட்டிவிட்டு நிறுத்துவதைவிட, தொடர்ந்து கட்ட முடிந்த இல்லத்தைத் தேர்ந்தெடுங்கள். எந்த மகன் எவ்வளவு என்று குடும்பத்தில் முதலிலேயே பேசி முடியுங்கள்.

இன்னொன்று. வாப்பா எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் இருக்கிறது என்று பலர் நம்பியிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் தெளிந்த அறிவை இழந்துவிட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி அந்த அதிகாரம் முடிந்துவிடும். எனவே நோயின் தொடக்கத்திலேயே, அவருக்குப் புரியும்போதே, வங்கிக் கணக்கையும் சொத்து விஷயங்களையும் ஒரு வழக்கறிஞரைக் கலந்து ஒழுங்கு செய்யுங்கள். இல்லத்தார் யாரும் பெரியவரிடம் எந்தக் காகிதத்திலும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க விடாதீர்கள்.

சேர்த்த பிறகு

ஒரு தாளில் அவரைப் பற்றி எழுதி, கட்டில் தலைமாட்டில் ஒட்டச் சொல்லுங்கள்: வீட்டில் கூப்பிடும் பெயர், செய்த தொழில், பிள்ளைகள் பெயர், பிடித்த சாப்பாடு, பிடிக்காதது, எந்தப் பக்கம் காது கேட்கும், எதைச் சொன்னால் அமைதியாவார். அவருடைய போர்வை, தலையணை, பழைய போட்டோ ஒன்று கூடவே போகட்டும்.

முதல் மாதம் வாரத்திற்கு இரண்டு மூன்று முறை, வெவ்வேறு நேரத்தில் போங்கள். ஒவ்வொரு முறையும் குதிகால், இடுப்பு, முதுகின் கீழ்ப்பகுதி மூன்றையும் பாருங்கள். புண் தொடங்கும் இடங்கள் அவை. எடைக் குறிப்பேட்டைக் கேளுங்கள். "அடிக்கடி வராதீங்க, வந்தா அவங்க பதற்றமாகுறாங்க" என்று தொடர்ந்து சொல்லும் இல்லத்தில் எச்சரிக்கையாக இருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகன்களுக்கு ஒரு வார்த்தை. பணம் அனுப்புவது பெரிய காரியம்தான். ஆனால் வீடியோ காலில் தெரிவது முகம் மட்டுமே. உங்களுக்காக நேரில் போய்ப் பார்க்கும் ஒருவரை, தங்கையோ மச்சானோ நண்பரோ, பொறுப்பாக வையுங்கள். "உங்களை அடையாளம் தெரியலையே, போய் என்ன பயன்?" என்று நினைக்க வேண்டாம். அவருக்கு உங்களைத் தெரியாமல் போகலாம். அவரைத் தேடி ஆள் வருகிறது என்பது இல்லத்தாருக்குத் தெரியும்.

தொடக்கத்தில் சொன்ன அந்த உம்மாவின் புண் ஆற இரண்டு மாதத்திற்கு மேல் ஆனது. இப்போது வேறோர் இல்லத்தில் இருக்கிறார். அதை நடத்துபவர்கள் நம்மவர்கள் அல்லர். தொழும் அறையும் கிடையாது. இரவில் 18 பேருக்கு இரண்டு பெண்கள் விழித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் அவரை "உம்மா" என்றே கூப்பிடுகிறார். குளிப்பாட்டி முடித்ததும் தலையில் துணியைப் போட்டுவிட மறப்பதில்லை. மருமகள் வாரம் இருமுறை போய் மாமிக்குத் தலை வாரிவிட்டு வருகிறார். இப்போது தூங்குவதால் பொறுமையாகப் பேச முடிகிறது என்றார்.

இல்லம் பார்க்கப் போகும்போது துணை வேண்டுமானால் சொல்லுங்கள். நலக்குழுவில் மூன்று சகோதரிகள் கூட வருவதற்குத் தயாராக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நர்ஸாகப் பணிசெய்து ஓய்வு பெற்றவர். மேலே உள்ள 8 கேள்விகளும் அச்சிட்ட தாளாக அலுவலகத்தில் கிடைக்கும். அஸருக்குப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம். வசதி குறைந்த குடும்பங்களுக்கு உதவுவது பற்றியும் பேசலாம். விஷயம் வெளியே போகாது.

நம்மைச் சிறுவயதில் தூக்கி வளர்த்தவர்களை, அவர்கள் மீண்டும் சிறுபிள்ளையாகும்போது தாங்கும் வலிமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

— நலக்குழு